சிக்கனமும் உலோபமும்

கடல் கடந்து செல்ல விழையும் இளைஞர் இந்நாளில் நம் குடும்பங்களில் பலர் உளர். ஒருவர் உயர்கல்வியின் பொருட்டு இங்கிலாந்து செல்ல எண்ணுகிறார். மற்றொருவர் வளைகுடா நாடொன்றில் தொழில் தேடுகிறார். செவிலியர் பயிற்சி பெற்ற பெண்மணி ஒருவர் ஐரோப்பிய மருத்துவமனையில் பணியாற்ற விரும்புகிறார். இவர்கள் யாவர்க்கும் முதற்கண் எதிர்ப்படும் தடை பணமே. ஆகவே, புறப்படுதற்கு ஓராண்டோ ஈராண்டோ முன்பிருந்தே தம் செலவைச் சுருக்கிப் பொருள் சேர்க்கத் தலைப்படுகின்றனர்.

செலவைச் சுருக்குதல் நன்றென்று எல்லோரும் சொல்வர். ஆனால் சுருக்கப்பட்ட செலவு அனைத்தும் அறமாகுமா? சிற்றுண்டிச் சாலையில் அருந்தும் தேநீரை நிறுத்துவோனும் சேமிக்கிறான்; தாய்க்கு வாங்கவேண்டிய மருந்தை அடுத்த திங்களுக்குத் தள்ளி வைப்பவனும் சேமிக்கிறான். இருவர் கணக்கிலும் சேர்ந்த தொகை ஒன்றாகவே இருக்கலாம். எனினும் இருவர் செயலும் ஒன்றென்று நம் மனம் ஒப்புவதில்லை. அது ஏன் ஒப்புவதில்லை என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகும் பொருள்.

சேமிப்பு பற்றாகுமா?

முதலில் ஒரு மறுப்பை எதிர்கொள்வோம். “பொருள் சேர்ப்பதே பற்று, பற்றே துன்பத்திற்கு வித்து. அங்ஙனமிருக்கப் பௌத்தன் பணம் சேர்ப்பதைப் பற்றிப் பேசுவது முறையா?” என வினவுவோர் உளர். இவர்கள் பிக்குவின் நெறியையும் இல்லறத்தான் நெறியையும் ஒன்றாக்கிக் குழப்புகின்றனர். பகவன் புத்தர் இல்லறத்தானை நோக்கிப் பொருளை வெறுத்தொதுக்கென்று போதித்தாரில்லை. சிகாலன் என்னும் இளைஞனுக்குப் புகட்டிய அறவுரையில், வருவாயை நான்கு கூறாக்குமாறு அறிவுறுத்தினார். ஒரு கூறு துய்ப்பதற்கு; இரு கூறு தொழிலில் இடுவதற்கு; எஞ்சிய ஒரு கூறு ஆபத்துக் காலத்திற்கு. இவ்வறவுரையிலேயே, செல்வம் ஒழுகிப்போகும் ஆறு வழிகளையும் எடுத்துரைத்தார். மது, வேளையல்லா வேளையில் தெருச் சுற்றுதல், கேளிக்கை, சூது, தீயோர் நட்பு, சோம்பல் என்பன அவை.

ஆதலின் சேமிப்பு இல்லறத்தானுக்கு விலக்கப்பட்டதன்று, விதிக்கப்பட்டதே. ஆனால் அதற்கோர் அளவும் வகுக்கப்பட்டிருக்கிறது. கோலியர் குலத்து வியக்கபஜ்ஜன் என்பானுக்கு உரைத்த போதனையில், வரவும் செலவும் ஒத்து நிற்கும் சீரான வாழ்வைப் புத்தர் வலியுறுத்தினார். தராசு பிடிப்பவன் எத்துணை தாழ்ந்தது, எத்துணை உயர்ந்தது என்று அறிவதுபோல இல்லறத்தான் தன் வரவு செலவை அறியவேண்டும். வருவாய் குறைந்திருக்க வரம்பின்றிச் செலவிடுவோனை அவர் கண்டித்தார். வருவாய் மிகுந்திருக்கப் பட்டினி கிடப்பவனையும் அவர் அவ்வாறே கண்டித்தார். இவ்விரண்டாம் கண்டனத்தை நம்மிற் பலர் மறந்துவிடுகிறோம். ஊதாரித்தனத்தைக் குற்றமென்று அறிவோம். கருமித்தனத்தையும் குற்றமென்று அறிகிறோமா?

சிக்கனமும் உலோபமும் புறத்தோற்றத்தில் இரட்டைப் பிள்ளைகளைப் போன்றவை. இருவரும் பழைய சட்டையையே அணிவர்; இருவரும் பேருந்துக்குக் கொடுக்காமல் நடந்தே செல்வர். வேறுபாடு உள்ளத்தில் இருக்கிறது. சிக்கனக்காரனுக்குப் பணம் ஒரு காரியத்திற்குக் கருவி. காரியம் முடிந்ததும் கை திறக்கும். உலோபிக்குப் பணமே காரியம். எத்துணை சேர்ந்தாலும் கை திறவாது. இவ்வேறுபாட்டை ஒரு மெய்யான வாழ்க்கையின் மூலம் காண்போம்.

பரேல் முதல் இலண்டன் வரை

போதிசத்துவர் பாபாசாகேப் அம்பேத்கர் அவர்கள் 1913ஆம் ஆண்டில் பரோடா சமஸ்தானத்தின் உதவித்தொகை பெற்று நியூயார்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றதை நம்மவர் யாவரும் அறிவர். அங்கிருந்து 1916இல் இலண்டன் சென்று, பொருளாதாரப் பள்ளியிலும் கிரேஸ் இன் என்னும் சட்டக் கழகத்திலும் சேர்ந்தார். ஆனால் உதவித்தொகைக் காலம் முடிவுற்றதால், படிப்பைப் பாதியில் விட்டு 1917இல் தாயகம் திரும்ப நேர்ந்தது. நான்காண்டுக்குள் மீண்டு வந்து படிப்பைத் தொடரப் பல்கலைக்கழகம் இசைவளித்திருந்தது. உலகப் போர் நடந்த காலமாதலால், அவருடைய பெட்டிகளை ஏற்றிவந்த கப்பல் எதிரியின் தாக்குதலில் மூழ்கிற்று. வயிற்றைக் கட்டி வாங்கிய நூல்களிற் பல கடலுக்கு இரையாயின.

பரோடாவில் அவருக்கு வேலை இருந்தது. தங்குவதற்கு ஒரு கூரை கிடைக்கவில்லை. உயர்ந்த பட்டம் பெற்றவரைத் தீண்டாமை வீதியில் நிறுத்திற்று. பம்பாய்க்குத் திரும்பியவர் 1918 நவம்பரில் சிடனம் கல்லூரியில் அரசியற் பொருளாதாரப் பேராசிரியரானார். அந்நாளில் அது மதிப்புமிக்க பதவி, நல்ல ஊதியம். மற்றொருவராயின் பெரிய வீடு பிடித்திருப்பார். பாபாசாகேபோ பரேலில் தொழிலாளர் வாழ்ந்த இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் குடியிருப்பின் சிறு அறைகளிலேயே குடும்பத்தோடு தொடர்ந்து வாழ்ந்தார். ஊதியத்தில் வீட்டுக்கென ஓர் அளவை ஒதுக்கி, எஞ்சியதை இலண்டன் பயணத்துக்குச் சேர்த்தார். கோலாப்பூர் மன்னர் சாகு மகாராஜாவின் உதவியும், பார்சி நண்பர் நவல் பதேனா கடனாக அளித்த 5,000 ரூபாயும் அச்சேமிப்போடு கூடின. 1920 மார்ச்சில் கல்லூரிப் பதவியைத் துறந்தார். அவ்வாண்டு சூலையில் மீண்டும் இலண்டனுக்குக் கப்பலேறினார்.

அங்கும் செலவுச் சுருக்கம் தொடர்ந்தது. காலையில் ஒரு துண்டு ரொட்டியும் சிறிது மீனும் உண்டு நூலகம் சென்றால், மாலையில் கதவடைக்கும்வரை படித்திருப்பார் என்றும், இரவில் பசி மிகும்போது நண்பர் கொடுத்த அப்பளத்தைச் சுட்டு உண்பார் என்றும் அவர் வரலாற்றை எழுதியோர் குறிக்கின்றனர். 1921இல் எம்.எஸ்ஸி. பட்டம் பெற்றார். பணம் தீர்ந்தமையால் 1923இல் தாயகம் வந்தார். ஆய்வுரையைத் திருத்தி பம்பாயிலிருந்தே அனுப்பி, அவ்வாண்டு டி.எஸ்ஸி. பட்டமும் எய்தினார். அவ்வாய்வின் பொருள் ரூபாயின் சிக்கல்! காசின் அருமையை ஏட்டில் எழுதுமுன் பரேலின் சிற்றறையில் கற்றவர் அவர்.

இவ்வரலாறு மூன்று செய்திகளை நமக்கு உணர்த்துகிறது. முதலாவது, அவருடைய சேமிப்புக்கு ஒரு குறி இருந்தது. ஒரு கெடுவும் இருந்தது. நின்றுபோன படிப்பை முடித்தல் குறி. நான்காண்டு என்பது கெடு. கெடு வந்ததும் சேர்த்ததனைத்தையும் அவர் செலவிட்டார். உலோபி அவ்வாறு செய்யமாட்டான். இரண்டாவது, சேமிப்புக் காலத்தில் அவர் தம் மக்களை மறந்தாரில்லை. 1920 சனவரி 31இல் ‘மூக்நாயக்’ இதழ் தோன்றியது இச்செலவுச் சுருக்கக் காலத்தின் நடுவிலேதான். ‘முதலில் நான் உயர்ந்துகொள்கிறேன், பிறகு சமூகத்தைப் பார்த்துக்கொள்வேன்’ என்று அவர் காத்திருக்கவில்லை. மூன்றாவது செய்தியோ நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டியது.

எவருடைய செலவு சுருங்கிற்று?

பாபாசாகேப் தம் செலவைச் சுருக்கினார் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அவர் ஒருவர் செலவா சுருங்கிற்று? அன்னை ரமாபாய் அவர்களின் அடுக்களையும் அன்றோ சுருங்கிற்று! அளந்து கொடுத்த தொகையில் வீட்டை நடத்தியவர் அவர். கணவர் அயல்நாட்டில் இருந்த காலமெல்லாம் வறுமையோடு போராடியவர் அவர். பெற்ற பிள்ளைகளுள் நால்வரை இளமையிலேயே பறிகொடுத்தார். 1935 மே 27இல் நோயுற்று மறைந்தார். பட்டங்களின் பட்டியலில் அவர் பெயர் இல்லை. ஆனால் அப்பட்டங்களின் விலையில் அவருடைய பங்கும் இருக்கிறது.

இதனை நாம் கூறுவது பாபாசாகேபைக் குறைகூறுவதற்கன்று. அவரே இக்கடனை மறந்தவரல்லர். பாகிஸ்தான் பற்றித் தாம் எழுதிய பெருநூலை ரமாபாயின் நினைவுக்கே உரித்தாக்கி, வறுமையும் கவலையும் சூழ்ந்த நாட்களில் தம்மோடு துன்பத்தைப் பகிர்ந்துகொண்ட அவருடைய பொறுமையை அதில் நன்றியோடு போற்றினார். சேமித்தவர் தாம் ஒருவரே என அவர் எண்ணவில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

ஈண்டுதான் நம் வினாவுக்கு விடை புலப்படுகிறது. தன் செலவைச் சுருக்குதல் வேறு. பிறர் செலவைச் சுருக்குதல் வேறு. முன்னது தவம், பின்னது, அப்பிறர் அறிந்து இசைந்தாலன்றி, கொடாததைக் கொள்ளுதலே. பஞ்சசீலத்தின் இரண்டாம் சீலம் பிறர் பெட்டியைத் திறப்பவனுக்கு மட்டும் உரியதென்று எண்ணற்க. தங்கையின் பள்ளிக் கட்டணத்தை அவள் அறியாமலே தன் பயணக் கணக்கில் சேர்ப்பவனும், மனைவியின் சங்கிலியை ‘விரைவில் மீட்டுத் தருவேன்’ என்று ஆய்ந்து பாராமல் அடகு வைப்பவனும் அச்சீலத்தின் எல்லையில் நிற்கின்றனர். அவர்கள் அன்பினால் மறுக்கமாட்டார்கள் என்பது நமக்குத் தெரியும். மறுக்கமாட்டாதவரிடம் கேட்கும்போது இருமடங்கு எச்சரிக்கை வேண்டும். அவர்களுடைய மௌனம் இசைவாகாது.

ஆகவே, செலவுச் சுருக்கத்தைத் தொடங்கும் நாளில் வீட்டார் அனைவரையும் அமரவைத்துக் கணக்கைத் திறந்து காட்டுதல் முறை. எத்தனை திங்கள், எவ்வளவு தொகை, எவர் எதனை விடுவது என்பவற்றை எல்லோரும் அறியட்டும். விடவேண்டியவற்றுள் முதலாவதும் பெரியதும் புறப்படுவோனுடையதாக இருக்கட்டும்.

எதனைச் சுருக்கலாகாது?

சுருக்கத்தக்கவை எவையென்பது தெளிவு. மேற்கூறிய ஆறு ஓட்டைகளையும் முதலில் அடைத்திடுக. திருமணத்திலும் மஞ்சள் நீராட்டிலும் ஊரார் மெச்சக் கடன்பட்டுச் செய்யும் ஆரவாரத்தை விடுக. பழையது நன்றாயிருக்கப் புதிய கைப்பேசி வாங்குதல், தவணைக்கு வண்டி எடுத்தல் ஆகியவற்றையும் விடுக. இவற்றை விடுவதால் உடல் மெலியாது, குடும்பம் நலியாது.

ஆனால் சுருக்கலாகாதவையும் சில உள. அவற்றுள் முதலாவது உணவு. உடலை வருத்தி உண்மையைப் பெற முயன்ற சித்தார்த்தர், நைரஞ்சனை நதிக்கரையில் எலும்பும் தோலுமாய் நின்றபின், அவ்வழி பயனற்றதென்று தெளிந்து சுஜாதை அளித்த பாயசத்தை ஏற்றார். போதி மரத்தடிக்குச் சென்றவர் பட்டினி கிடந்தவரல்லர். உண்டு வலிமை பெற்றவரே. பகலுணவை நீக்கிப் பணம் சேர்க்கும் இளைஞன், அயல்நாட்டில் உழைப்பதற்கு எந்த உடலைக் கொண்டுசெல்லப் போகிறான்? இரண்டாவது மருத்துவம். மூன்றாவது பிள்ளைகளின் கல்வி. நான்காவது, ஏற்கெனவே பட்ட கடனின் தவணை. கடன் கொடுத்தவனை ஏமாற்றிச் சேர்த்த பணம் சேமிப்பன்று.

ஐந்தாவதாகத் தானத்தைச் சொல்வோம். ‘இருக்கும்போது கொடுக்கலாம், இப்போது இயலாது’ என்பர் சிலர். தொகையைக் குறைக்கலாம், வழக்கத்தை அறுக்கலாகாது. ஈராண்டு இறுக மூடிய கை, பிறகு திறக்க மறந்துபோவதுண்டு. பத்து ரூபாயோ ஒரு பிடி அரிசியோ போதும். அது வாங்குபவனைக் காட்டிலும் கொடுப்பவனை உலோபத்தினின்று காக்கும்.

கடனும் விடுதலையும்

‘இவ்வளவும் விலக்கிவிட்டால் ஏழை எவ்வாறு சேமிப்பான்? எஞ்சுவது ஒன்றுமில்லையே!’ என்று கேட்கலாம். இது நேர்மையான வினா. குறைந்த ஊதியத்தில் நான்கில் மூன்று பங்கை ஒதுக்குதல் கூடாத காரியமே. வாடகையும் அரிசியும் விட்டுவைப்பது எவ்வளவு? சிகாலனுக்குச் சொன்னது வட்டிக்கணக்கன்று. அது முன்பின் அறியும் முறை. துய்ப்பும் தொழிலும் ஆபத்துக் காப்பும் ஒன்றையொன்று விழுங்கிவிடலாகாது என்பதே அதன் உட்பொருள். வெளிநாட்டுப் பயணத்திற்கு வேண்டிய தேர்வுக் கட்டணம், கடவுச்சீட்டு, விமானச் சீட்டு ஆகிய யாவும் தொழிற் கூற்றைச் சேர்ந்தவை. இவற்றுக்காக ஆபத்துக் கூற்றைத் தொட்டு, வீட்டில் ஒரு காசுமின்றித் துடைத்தெடுத்துப் புறப்படுதல் தவறு. செல்வோன் கையில் உள்ளதற்கு நிகராக, நிற்போர் கையிலும் சில திங்களுக்கு வேண்டியது இருத்தல் வேண்டும்.

அதற்கும் போதவில்லையெனின் உதவி கேட்பதில் இழிவில்லை. பாபாசாகேபே கேட்டார், கடனும் பெற்றார். பட்டியல் இன மாணவர் அயல்நாட்டில் பயில நடுவண் அரசின் உதவித்தொகைத் திட்டம் 1954-55 முதல் நடந்துவருகிறது. தக்கவர் அதனை நாடுதல் வேண்டும். விலக்கவேண்டியது மறைமுகக் கடனும் கந்துவட்டியுமே. இங்கிலாந்தில் பயில விரும்புவோரிடம், தொடர்ந்து 28 நாள் போதிய பணம் கணக்கில் இருந்தமைக்குச் சான்று கேட்கப்படுகிறது. அச்சான்றுக்காகவே வட்டிக்குப் பணம் பெற்று, இருப்பது போலக் காட்டுவோரும் உண்டு. பொய்யில் தொடங்கும் பயணம் வட்டியில் முடியும். கடனின்மையை இல்லறத்தானின் நால்வகை இன்பங்களுள் ஒன்றாக அனாதபிண்டிகருக்குப் புத்தர் எடுத்துரைத்தார். அவ்வின்பத்தின் அருமை கடன்பட்டோனுக்கே தெரியும்.

நம் முன்னோர் வரலாறு இதற்குச் சான்று பகரும். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து சென்ற ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் நேட்டாலின் டர்பன் துறையை அடைந்தது முதல், தமிழர் பலர் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே சென்றனர். இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றோர் கங்காணியிடம் முன்பணம் பெற்றே புறப்பட்டனர். தோட்டத்தை அடைந்தபோதே அவர்கள் கடனாளிகள். அவர்கள்மீதுள்ள கடனைக் குறித்த ‘துண்டு’ என்னும் சீட்டைக் கொண்டு ஒரு தோட்டத்தார் அவர்களை மற்றொரு தோட்டத்தாருக்கு மாற்றினர். 1921இல் அம்முறை ஒழிக்கப்படும் வரை, கடன் சீட்டோடு மனிதரும் கைமாறினர். அவர்கள் சோம்பலால் சேமியாதிருந்தவரல்லர். சேமிக்க ஒன்றுமில்லாதபடி சாதியும் வறுமையும் அவர்களை வைத்திருந்தன. கோலார் தங்கவயலுக்கு மூட்டையோடு வந்த நம் மூதாதையர் நிலையும் இதனின் மிக வேறன்று. அச்சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டபோது, கையில் ஒன்று வைத்திருந்த குடும்பத்துக்கும் வைத்திராத குடும்பத்துக்கும் உள்ள வேறுபாட்டை நம்மவர் நேரிற் கண்டனர். இன்றும் பெங்களூருக்கு நாள்தோறும் இரயிலேறிச் சென்று திரும்பும் உழைப்பாளர் அதனை மறந்திரார்.

எனவே, புறப்படுமுன் சேர்க்கும் பணம் வெறும் பயணச் செலவன்று. பொருந்தாத வேலையை மறுக்கவும், கொடிய முதலாளியை விட்டு நீங்கவும், வேண்டின் வீடு திரும்பவும் அது ஒருவனுக்கு உரிமையளிக்கிறது. முன்னோர்க்குக் கிட்டாத உரிமை அது. அதனைப் பெறுதற்பொருட்டுச் செலவைச் சுருக்குவோன் உலோபியல்லன். தன் விடுதலைக்கு உழைப்பவனே.

ஆயினும் அவ்வுரிமையைத் தன் தாயின் மருந்திலிருந்தோ தங்கையின் ஏட்டிலிருந்தோ எடுப்பானாயின், தான் விடுபடுதற்கு வேறொருவரைக் கட்டிப்போட்டவனாவான். கங்காணி செய்ததும் அதுவன்றோ?

அன்பர்களே! உங்கள் வீட்டிலிருந்து ஒருவர் கடல் கடக்க ஆயத்தமாகிறார் எனின், அவர் எவ்வளவு சேர்த்தார் என்று மட்டும் கேளாதீர்கள். எதனை விட்டுச் சேர்த்தார் என்றும், அதனை விட்டவர் யாவர் என்றும் கேளுங்கள். புறப்படுவோரும் தம் கணக்கேட்டில் இரு பக்கம் வைத்தெழுதுக: ஒரு பக்கத்தில் தாம் விட்டவை, மறுபக்கத்தில் தமக்காகப் பிறர் விட்டவை. அயல்நாட்டில் முதல் ஊதியம் பெறும் நாளில் திறக்கவேண்டியது அவ்விரண்டாம் பக்கமே.

எல்லா உயிர்களும் இன்புற்றிருப்பனவாக!